விசைப்படகு எஞ்சினிலிருந்து பழைய ஆயில் முழுவதும் வரவில்லை: புதிய ஆயிலை எவ்வளவு ஊற்றுவது?

வடகடல் (ராமேசுவரம்) எழுதியது:

வணக்கம். ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் எங்கள் இழுவைப் படகைக் கரையேற்றிவிட்டோம். ஆயில் மாற்றும் வேலையை இதுவரை மெக்கானிக்தான் செய்து வந்தார். தடைக்காலத்தில் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் கரைக்கு வந்துவிடுவதால் அவரைப் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது; ஆகவே இந்த ஆண்டு நானே இறங்கிவிட்டேன்.

எஞ்சின் ஆறு சிலிண்டர் டீசல். கடல்நீர் பம்பு மூலம் குளிர்விக்கப்படும் வகை. சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியிலுள்ள போல்ட்டுக்கும் படகின் அடிப்பலகைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிகூட இல்லாததால், ஆயில் அளவு பார்க்கும் கம்பி நிற்கும் குழாய் வழியாக மெல்லிய ஓஸ் ஒன்றை இறக்கிக் கைப்பம்பால் உறிஞ்சினேன். பில்டரோடு சேர்த்து மொத்தம் 18 லிட்டர் என்று கையேடு சொல்கிறது. கை ஓயும்வரை அடித்தும் வாளியில் 13 லிட்டர்தான் சேர்ந்தது. அதன் பிறகு பம்பு காற்றை மட்டுமே இழுக்கிறது. பில்டரை இன்னும் கழற்றவில்லை. கரையேற்றுவதற்கு முன் கம்பியில் அளவு மேல்கோட்டிலேயே இருந்தது, எஞ்சினில் ஒழுக்கும் கிடையாது. மீதி 5 லிட்டர் எங்கே போனது? இப்போது கையேட்டின்படி 18 லிட்டர் ஊற்றலாமா?

கருங்கை (மண்டபம்) எழுதியது:

தம்பி, 18 லிட்டரை ஊற்றிவிடாதீர்கள். உள்ளே பழைய ஆயில் 5 லிட்டர் இருக்கும்போது அதன் மேல் முழு அளவையும் ஊற்றினால், கிராங்க் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் அடிபட்டு அதை மோர் கடைவதுபோல் நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயிலைப் பம்பு சரியாகத் தள்ளாது என்பதால் அழுத்தம் விழும். சீல்கள் வழியாக ஆயில் வெளியே தள்ளப்படும். அதைவிட மோசமானது, மிகுதியான ஆயில் காற்று உறிஞ்சும் வழியில் ஏறி, டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் ஆயிலையே எரித்துக்கொண்டு நிற்காமல் ஓடக்கூடும்.

5 லிட்டர் எங்கும் போகவில்லை. ஒரு பங்கு பில்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரிலும் நிற்கிறது. மற்றது சம்ப்பிலேயே இருக்கிறது. அதற்குக் காரணம் படகின் சாய்வு. கரையேற்றிய படகின் அணியம் (முன்பக்கம்) மேட்டிலும் அமரம் (பின்பக்கம்) பள்ளத்திலும் இருப்பதால் ஆயில் முழுவதும் கியர் பாக்ஸ் பக்கமாக ஒதுங்கியிருக்கும். உங்கள் ஓஸோ சம்ப்பின் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓஸின் நுனி சுருண்டு மேலே நோக்கி நின்றாலும் இதே கதைதான். நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டு, கம்பியின் நீளத்தை ஓஸில் வைத்து அடையாளமிட்டு, அந்த அடையாளத்துக்குக் கீழே எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று தடவிப் பாருங்கள்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்திய பின் கால்மணி நேரம் பொறுத்து உறிஞ்சுவதே முறை. ஆனால் நீங்கள் 13 லிட்டரை எடுத்துவிட்டதால், அளவுக்குத் தேவையான ஆயிலை முதலில் உள்ளே விடாமல் ஓட்டக் கூடாது. எடுத்த ஆயிலில் மண், தூசி விழாமல் மூடி வைத்திருந்தால், துணியில் வடிகட்டி அதையே திரும்ப ஊற்றிச் சூடாக்குங்கள். புதிய ஆயிலை இதற்கென்று வீணாக்க வேண்டாம்.

தென்கடல் (கீழக்கரை) எழுதியது:

பெரியவர் கருங்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதை விட்டால் செலவு இரட்டிப்பாகும். கரையில் நிற்கும் படகில் எஞ்சினை அப்படியே ஓட்டினால் கடல்நீர் பம்புக்குத் தண்ணீர் வராது. அதனுள் சுழலும் ரப்பர் இம்பெல்லருக்கு (தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்)த் தண்ணீர்தான் வழுக்கல். வறண்டு சுற்றினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருகிவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் இதைச் செய்து பார்த்தவன். ஆறு இதழ்களில் நான்கு பிய்ந்து குழாய்க்குள் போய்விட்டன. அவற்றில் மூன்றைத்தான் தேடி எடுக்க முடிந்தது. நான்காவது துண்டு, எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொண்டு, கடலில் இறங்கிய முதல் நாளிலேயே எஞ்சினைக் கொதிக்க வைத்தது. ஆகவே பம்பின் உறிஞ்சு குழாயைக் கழற்றி, 200 லிட்டர் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி அதிலிருந்து இழுக்கவிடுங்கள். பீப்பாய் காலியாகும் முன் நிறுத்த ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

என் கருத்தில், கரையேற்றிய பிறகு ஆயில் மாற்றுவதே முறையன்று. கடைசித் தங்கல் (கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணம்) முடிந்து வரும் அன்றே, எஞ்சின் சூடு ஆறும் முன், படகு தண்ணீரில் சமமாக மிதக்கும்போதே மாற்றிவிட்டால் சாய்வுச் சிக்கலும் இல்லை, பீப்பாயும் தேவையில்லை. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலமும் கரியும் பழைய ஆயிலில் கலந்திருக்கும். அதைத் தடைக்காலத்தின் 61 நாளும் எஞ்சினுக்குள் ஊறவிட்டால் பேரிங்குகளைத்தான் தின்னும். பலர் செலவை நினைத்து, ஜூனில் கடலுக்குப் போகும் முன் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள்.

வடகடல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றி, பீப்பாய்த் தண்ணீரில் எஞ்சினைச் சூடாக்கி, ஓஸின் நுனியைச் சாய்வாக வெட்டி அமரம் பக்கமாகத் திருப்பி இறக்கினேன். இம்முறை 16 லிட்டர் வந்தது. பில்டரைக் கழற்றும்போது ஆயில் படகின் அடியில் சிந்திவிடுமே என்று அதன் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டிச் சுற்றினேன். பையில் ஒரு லிட்டர் அளவுக்குச் சேர்ந்தது. பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கை வைத்துத் தடவிப் பார்த்ததால் தப்பினேன். அதன் மேலேயே புதிய பில்டரைப் பூட்டியிருந்தால் ஆயில் முழுவதும் பீய்ச்சியிருக்கும்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதியிருக்கிறது. கடைசியாக வந்த அரை லிட்டர் கறுப்பாக இல்லை. பால் கலந்த காபியின் நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. இது பழைய ஆயிலின் அடிக்கசடுதானா?

கருங்கை எழுதியது:

கசடு கறுப்பாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் நிறம் தண்ணீரின் அடையாளம். சிட்டிகை அளவு எடுத்து, நன்றாகச் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். ஆயில் மட்டும் என்றால் புகைந்து அடங்கும்; தண்ணீர் இருந்தால் கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும். எண்ணெய் தெறிக்கும் என்பதால் முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படபடத்தால் புதிய ஆயிலை ஊற்றுவதற்கு முன் ஆயில் கூலரைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். உப்பு அரித்த குழாயில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் போதும். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் ஒன்றும் தெரியாது, நிறுத்திய பின் மெல்லக் கடல்நீர் உள்ளே இறங்கும். அங்கே குறை இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு)ப் பாருங்கள். கடல்நீர் கலக்கும் ஈரப் புகைக்குழாய் என்றால் அதன் வழியாகத் தண்ணீர் திரும்பி ஏறியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

குறையைச் சரிசெய்த பின் கையேடு சொல்லும் தரத்திலேயே ஆயில் வாங்கி, முதலில் 15 லிட்டர் ஊற்றுங்கள். கரையில் கம்பி காட்டும் அளவை நம்ப வேண்டாம். படகு மிதந்த பிறகு ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, கால்மணி நேரம் கழித்துக் கம்பியைப் பார்த்து, அரை அரை லிட்டராகச் சேர்த்து மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். எடுத்த பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரருக்கே கொடுங்கள். கூலரில் குமிழி வந்ததா என்பதை இங்கேயே எழுதுங்கள்.