காத்திருப்புக்காட்டியா, நிகழ்காட்டியா? 'லோடிங்' குறிக்கு ஒரு தமிழ்ச்சொல்

மண்டபத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். காற்றின் வேகம், அலை உயரம், புயல் கூண்டு எண் மூன்றையும் கைபேசி உலாவியிலேயே காட்டும் இணையச் செயலி ஒன்றுக்குத் தமிழ் இடைமுகம் எழுதிக்கொண்டிருக்கிறோம். விவரம் வந்து சேரும்வரை திரை நடுவில் சுற்றிக்கொண்டிருக்குமே, அந்தக் குறிக்குச் சொல் வேண்டும். இப்போதைக்கு 'லோடிங் இண்டிகேட்டர்' என்றே கிடக்கிறது. அதன் நிறம், அளவு, வேகம் மாற்றும் முறையையும் தமிழில் விளக்கப்போவதால் பக்கத்துக்குப் பத்துத் தடவை அந்தச் சொல் வரும். நீளமாக இருந்தால் படிக்கிறவர் களைத்துவிடுவார்.

'ஏற்றங்காட்டி' எப்படி? திசைகாட்டி, நாள்காட்டி வரிசையில் பொருந்துகிறது. 'சுழி' என்றும் ஒரு யோசனை. இரண்டே எழுத்து.

பாம்பனிலிருந்து:

அண்ணே, 'காட்டி' சரி. 'ஏற்றம்'தான் உதைக்கிறது.

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றம் என்றால் எங்களூரில் அதற்கு ஒரே பொருள்தான். கூண்டு 1 முதல் 11 வரை உண்டு, எண் கூடக்கூட ஆபத்து கூடும். உங்கள் செயலியில் எச்சரிக்கைப் பக்கத்தைத் தொட்டதும் "புயல் எச்சரிக்கை ஏற்றப்படுகிறது…" என்று எழுத்து வந்தால், கரையில் நிற்கிறவர் அதைக் கணினித் தமிழாகவா படிப்பார்? கூண்டு ஏறுகிறது என்றுதான் படிப்பார். சரி, 'வருகிறது' என்று மாற்றிப் பாருங்கள்: "புயல் எச்சரிக்கை வருகிறது". இன்னும் மோசம்!

கோளாறு சொல்லில் பாதி, சரம் (திரையில் வரும் எழுத்துத் தொடர்) அமைப்பதில் பாதி. நிரல் எழுதுகிறவர் வேலை மிச்சம் என்று ஒரே வார்ப்புரு வைத்து, முன்னால் பக்கத்தின் பெயர், பின்னால் 'ஏற்றப்படுகிறது' என்று ஒட்டிவிடுகிறார். 'அமைப்புகள்' வந்தால் 'ஏற்றப்படுகிறது' ஒருமையாக நின்று இலக்கணமும் கெடும். பெயரையும் வினையையும் ஒட்டவே வேண்டாம். எல்லாப் பக்கத்துக்கும் "விவரம் எடுக்கிறோம், பொறுங்கள்" என்று ஒரே வரி போதும்.

'சுழி' வேண்டவே வேண்டாம். கடலில் சுழி என்றால் படகை இழுக்கிற நீர், கணக்கில் சுழி என்றால் பூஜ்யம். தகவலுக்கு முன்னால் எதற்கு அந்தச் சகுனம்?

என் பரிந்துரை 'நிகழ்காட்டி'. வினைத்தொகை, ஆறே எழுத்து. ஐஓஎஸ்ஸிலும் 'ஆக்டிவிட்டி இண்டிகேட்டர்' என்றுதான் பெயர். உள்ளே ஏதோ நடக்கிறது என்று காட்டுவதுதானே அதன் வேலை.

கீழக்கரையிலிருந்து:

கூண்டு விஷயத்தில் தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் 'நிகழ்காட்டி' உண்மையைச் சொல்லாத பெயர். எப்படி என்று சொல்கிறேன்.

வளையத்தை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'டிரான்ஸ்ஃபார்ம்' வழியாகச் சுழற்றினால் அந்த அசைவை உலாவியின் கம்பாசிட்டர் இழை (திரைப்படலங்களை அடுக்கும் தனி வேலைத்தொடர்) தனியாகக் கவனித்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் முதன்மை இழை எங்கோ மாட்டி உறைந்துபோனாலும் வளையம் ஜோராகச் சுற்றும். சிக்னல் போய்க் கோரிக்கை அந்தரத்தில் தொங்கினாலும் சுற்றும். உள்ளே எதுவும் நிகழவில்லை, வெளியே நிகழ்காட்டி! அந்தக் குறி உறுதியாகக் காட்டுவது ஒன்றைத்தான்: பார்க்கிறவர் காத்திருக்கிறார். ஆகவே 'காத்திருப்புக்காட்டி'. பத்து எழுத்துதான், ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் 'காட்டி' என்றாலே விளங்கும்.

அந்தப் பொய்ச் சுழற்சிக்கு வரம்பும் வைக்க வேண்டும். விவரத்தைக் கேட்டு வாங்கும் 'ஃபெட்ச்' கட்டளை தானாகச் சீக்கிரம் கைவிடாது. 'அபார்ட் கண்ட்ரோலர்' வைத்து நாமேதான் நிறுத்த வேண்டும். பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் வகுத்த வரம்புகள் இன்றும் உதவும்: 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனடி, 1 நொடிவரை எண்ண ஓட்டம் அறாது, 10 நொடிக்கு மேல் கவனம் நிற்காது. 10 நொடியில் கோரிக்கையை நிறுத்தி, வளையத்தை எடுத்துவிட்டு, 'மீண்டும் முயல்க' பொத்தானைக் காட்டுங்கள். இணைப்பு உண்டா என்று உலாவியைக் கேட்கும் 'நேவிகேட்டர் ஆன்லைன்' மெய் என்று சொல்வதை நம்பி உட்கார வேண்டாம். ஏதோ ஒரு வலையமைப்பில் கைபேசி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது.

இனித் தோற்றம். மண்டபத்துச் செயலி இன்னும் ஜேகுவெரி மொபைலில்தான் ஓடுகிறதென்று நினைக்கிறேன். 2021-இலேயே கைவிடப்பட்ட நிரல் நூலகம். புதிதாகத் தொடங்குகிறவர் தொட வேண்டாம். இருக்கிறதைச் சரிசெய்வதானால், 1.4 பதிப்பில் எழுத்தில்லாத காட்டி 46 பிக்சல் சதுரம், ஒளிபுகாமை வெறும் 0.18. நடுப்பகலில் படகுத் துறையில் நின்று பார்த்தால் அது இருப்பதே தெரியாது. தொட்டது பதியவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி தொடுவார்கள், கோரிக்கைகள் குவியும். ஒளிபுகாமையை 1 ஆக்குங்கள். பின்னணிக்கும் வளையத்துக்கும் குறைந்தது 3-க்கு 1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது அணுகல் விதி. வெயிலுக்கு அதைவிட அதிகமாகவே வைக்கலாம். வெளிர்சாம்பலில் நீலம் அழகுதான், கடற்கரையில் எடுபடாது.

எழுத்தோடு வரும் பெட்டி 200 பிக்சல் அகலம், சுற்றிலும் 10 பிக்சல் உள்ளிடைவெளி. தமிழ் வரி இரண்டு மூன்றாக மடிகிறதென்று அகலத்தை மட்டும் 280 ஆக்குவார்கள். பெட்டி வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் நிறுத்துவது இடப்புற விளிம்பின் கழித்தல் 110 பிக்சல்தான். 280 ஆனால் அதுவும் கழித்தல் 150 ஆக வேண்டும். எழுத்தை மாற்றியும் மாறவில்லை என்பது அடுத்த புகார். இயல்புநிலையை, நூலகம் தொடங்கும்போது எழும் 'மொபைல்இனிட்' நிகழ்வில் மாற்ற வேண்டும். அந்த நிரல்துண்டு ஜேகுவெரிக்குப் பின்னால், ஜேகுவெரி மொபைலுக்கு முன்னால் வர வேண்டும். இரண்டுக்கும் பின்னால் வைத்தால் நிகழ்வு முடிந்துபோயிருக்கும். எழுத்து தெரிய 'டெக்ஸ்ட் விசிபிள்' மெய்யாக இருப்பதும் அவசியம், இயல்பில் அது பொய்.

புதிதாகச் செய்தால் படம் எதுவும் வேண்டாம். 40 பிக்சல் கட்டம், 4 பிக்சல் கரை, கரை முழுதும் வெளிர்நிறம், மேல்கரை மட்டும் அடர்நிறம், மூலை வளைவு 50 விழுக்காடு, ஒரு சுற்றுக்கு 0.8 நொடி, முடிவில்லாமல். வேகவகையை 'லீனியர்' (ஒரே சீரான வேகம்) என்று எழுத மறந்தால் இயல்பான 'ஈஸ்' வந்துவிடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திக்கித் திக்கிச் சுற்றும். உறுப்புகளை அடுக்கும் ஃபிளெக்ஸ் வரிசைக்குள் வைத்தால் 'ஃபிளெக்ஸ் ஷ்ரிங்க்' (சுருங்கும் அளவு) 0 கொடுங்கள், இல்லையேல் வட்டம் முட்டையாகிவிடும். முதல் 300 மில்லிநொடிக்குக் காட்டியைக் காட்டாதீர்கள், வேகமாக வரும் பதிலுக்கு அது வெறும் மினுக்கல். காட்டிவிட்டால் அரை நொடியாவது நிற்கட்டும்.

அசைவைக் குறைக்கும்படி கைபேசியில் அமைத்திருப்பவருக்குச் சுழற்சிக்குப் பதில் 2 நொடிக்கு ஒருமுறை மங்கித் தெளிவது போதும். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்காக, 'ஸ்டேட்டஸ்' பங்குள்ள ('ரோல்') வெற்றுப் பெட்டியை முதலிலேயே பக்கத்தில் வைத்திருந்து, பிறகு அதற்குள் எழுத்தை நுழையுங்கள். பெட்டியும் எழுத்தும் ஒன்றாக வந்தால் பல நேரம் வாசிக்காது.

தொண்டியிலிருந்து:

கீழக்கரைக் காக்கா, 'காத்திருப்புக்காட்டி'க்கு என் வாக்கு. சுற்றும் வகைக்கு மட்டும் 'சுழலி' என்று தனிப்பெயர் இருக்கட்டும். 'முன்னேற்றப்பட்டை' ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைக் கிளற வேண்டாம். ஆனால் எவ்வளவு முடிந்தது என்று தெரியாத நேரத்தில் பட்டையை ஓட்டி 90-இல் நிறுத்தி வைக்கிற ஏமாற்று வேலைக்கு அந்தப் பெயர் தரக்கூடாது. அளவு தெரிந்தால் பட்டை, தெரியாவிட்டால் சுழலி.

எழுத்துப் பக்கம் ஒரு எச்சரிக்கை. "பொறுங்கள்" என்பதை எழுத்தெழுத்தாகத் துள்ளவிடுகிற அலங்காரம் நிறையப் பேருக்குப் பிடிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் சரத்தை அப்படியே பிளந்தால் 9 துண்டு வரும். நம் கண்ணுக்கு அது 5 எழுத்து: பொ, று, ங், க, ள். உகரக் குறியும் புள்ளியும் தனியே பிரிந்து, புள்ளிவட்டத்தோடு திரையில் ஆடும். எழுத்தெல்லை அறிந்து பிரிக்கும் 'இன்ட்ல் செக்மெண்டர்' கொண்டு பிளந்தால் சரியாக வரும். ஃபயர்பாக்ஸில் அது 2024-இல்தான் வந்தது, பழைய பதிப்புக்கு மொத்தச் சொல்லையும் ஒன்றாக அசையுங்கள். வரியுயரம் 1 வைத்து வழிவதை மறைத்தால் 'று'வின் வால் வெட்டுப்படும், 1.5 வையுங்கள்.

இன்னும் பெயரில்லாமல் நிற்பது மூன்றாவது வகை. விவரம் வருமுன் சாம்பல் கட்டங்களாகப் பக்கத்தின் உருவைக் காட்டுவது, வடிவமைப்பாளர் லூக் ரோப்லெவ்ஸ்கி 2013-இல் 'ஸ்கெலிட்டன் ஸ்கிரீன்' என்றது. 'எலும்புக்கூட்டுத் திரை' என்று எழுதினால் பிள்ளைகள் பயப்படும். மரப்படகு கட்டும்போது ஏராவை (அடிமரம்) கிடத்தி வங்குகளை (விலா மரங்கள்) நிறுத்தியதும், பலகை அடிக்குமுன்னே இது வல்லமா வத்தையா என்று தெரிந்துவிடும் இல்லையா? அந்த நிலைதான் இது. 'வங்குத்திரை' என்கலாமா?

பெயர் எதுவானாலும், கட்டத்தின் உயரம் வரப்போகும் வரிசையின் உயரமாகவே இருக்கட்டும். 72 பிக்சல் வரிசைக்கு 48 பிக்சல் கட்டம் வைத்தால் விவரம் வந்ததும் பக்கம் கீழே குதிக்கும். தொண்டி என்று தொட்டவருக்குத் தேவிபட்டினம் திறக்கும். மேலே ஓடும் பளபளப்பைப் பின்னணி இடத்தை நகர்த்திச் செய்யாதீர்கள், ஒவ்வொரு சட்டத்துக்கும் ('ஃபிரேம்') மறுபடி வரைய வேண்டியிருக்கும், மலிவுக் கைபேசி திணறும். மேலே ஒரு போலி உறுப்பை ('சூடோ எலிமெண்ட்') வைத்து அதைக் கிடையாக நகர்த்தினால் போதும்.

பாம்பனிலிருந்து:

'நிகழ்காட்டி'யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காக்கா சொன்ன உறைந்த இழைக்குப் பதில் இல்லை. 'வங்கு' எனக்கு இனிக்கிறது, ஆனால் மதுரைக்காரருக்கு அது பாம்பு இருக்கும் பொந்து. 'வெற்றுரு' எப்படி?

மண்டபத்திலிருந்து:

காத்திருப்புக்காட்டி, சுழலி, முன்னேற்றப்பட்டை மூன்றையும் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டேன். 'ஏற்று' வினையைக் காட்டியின் எழுத்திலிருந்து எடுத்தாயிற்று; பதிவேற்று, பதிவிறக்கு இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கும். கூண்டுப் பக்கத்தில் "விவரம் எடுக்கிறோம், பொறுங்கள்" வருகிறது. ஒளிபுகாமையும் 1 ஆகிவிட்டது, இடவிளிம்பு கழித்தல் 150. வங்குத்திரைக்கும் வெற்றுருவுக்கும் நடுவில் எனக்கு மனம் ஒரு பக்கம் சாயவில்லை. படகு கட்டுகிறவர் யாராவது இந்த மடல் குழுவில் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.