நியூயார்க் இத்தாலிய உணவகத்தில் அம்மாவுக்கு என்ன ஆர்டர் செய்வது?

வணக்கம். குன்னூரிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மாவோடு நியூயார்க்கில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அம்மாவின் 70வது பிறந்தநாளை 56வது தெருவில் உள்ள பேட்ஸீஸில் கொண்டாட அக்காவுக்கு ஆசை. 1944 முதல் ஒரே குடும்பம் நடத்தும் இத்தாலிய உணவகம் அது.

அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். வீட்டில் ஊட்டி கேரட்டும் பட்டாணியும் போட்டு, மிளகுத்தூள் தூவி நான் செய்யும் பாஸ்தாவைத் தட்டை வழித்துச் சாப்பிடுவார். ஆனால் இத்தாலிய பாஸ்தாவில் தூவும் பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருளைத்தான் சேர்க்கிறார்கள். கையால் பிசையும் பாஸ்தாவிலோ பெரும்பாலும் முட்டை இருக்கும்.

அங்கே சாப்பிட்ட சைவக்காரர்கள் சொல்லுங்கள்: காய்ந்த ரவை பாஸ்தா, சீஸ் இல்லாத தக்காளி சாஸ் என்று கேட்டால் செய்து தருவார்களா? முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமா? பிறந்தநாளன்று அம்மா வெறும் ரொட்டியோடு உட்காரக் கூடாது.