வாரிசு வேலைக்கு, அதாவது அரசு வேலையில் இருந்தவர் இறந்தால் கருணை அடிப்படையில் அவர் வீட்டில் ஒருவருக்குக் கொடுக்கும் வேலைக்கு, மனுக் கொடுக்கப் போன அன்று நீங்கள் பார்த்த ஆள் யார்?

எங்கள் அப்பா கீழ்பவானி வாய்க்காலில் லஸ்கர். மதகைத் திறப்பது, அடைப்பது, கரையில் எங்காவது கசிகிறதா என்று சைக்கிளில் போய்ப் பார்ப்பது, முறை மாறித் தண்ணீர் திருப்புகிறவர்களோடு மல்லுக்கட்டுவது, இதுதான் அவர் வேலை. 2015 ஐப்பசியில், வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்தவர் எழவில்லை. எனக்கு அப்போது 21 வயது. பி.காம். முடித்துவிட்டு கோபியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி பத்தாவது.

கருமாதி முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் வாரிசு வேலைப் பேச்சு வந்துவிட்டது. "பையனுக்கு வெச்சிருங்க. அம்மிணிக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு அந்த வேலை அடுத்த ஊட்டுக்குப் போயிருமல்லொ" என்றார் அப்பத்தா. பெரியப்பாவும் அதையே சொன்னார். அம்மா அஞ்சாவதோடு நின்றவர். அலுவலக உதவியாளர் ஆவதற்கே எட்டாவது வேண்டும். அதனால் அம்மா பெயரை யாரும் எடுக்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. தம்பி காலேஜ் முடிக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது.

குடும்ப ஓய்வூதியம் விஷயமாக அம்மாவும் நானும் அலுவலகம் போனோம். அப்பாவின் பெயர் நடுவில் ஒரு 'ச்' தகராறு. ரேஷன் கார்டில் இருக்கிறது, பணிப்பதிவேட்டில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக அது நாலாவது நடை. அன்றைக்கு மேஜையில் இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பணிப்பதிவேட்டை எடுத்துப் பிரித்து, முதல் பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இருபத்து நாலு வயது அப்பா, அரும்பு மீசையோடு. நான் அந்தப் போட்டோவை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"வாரிசு வேலைக்கு மனுக் குடுத்தாச்சுங்களா?" என்று கேட்டார்.

"பையன் படிச்சு முடிக்கட்டும்னு இருக்கறமுங்க" என்றார் அம்மா.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இறந்த தேதியிலிருந்து 3 வருசத்துக்குள்ள குடுக்கோணுமுங்க. பையன் காலேஜ் முடிக்கறப்ப அந்தத் தேதி தாண்டிப் போயிரும். அடுப்பு இப்ப எரியோணும்னுதான் இதக் குடுக்கறாங்க. பொண்ணு படிச்சிருக்குது, பக்கத்துலயே நிக்குது, அப்புறம் எதுக்குங்க யோசன?" என்றார். மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். "நகல்ல தேதி போட்டு முத்திரை வாங்கிட்டுப் போ கண்ணு. மத்த பேப்பரெல்லாம் பொறவு குடுக்கலாம்." கிளம்பும்போதுதான் சொன்னார், அவருக்கும் இது அவருடைய வீட்டுக்காரர் இறந்து கிடைத்த வேலைதான் என்று.

அந்த நகல்தான் என்னைக் காப்பாற்றியது. பின்னாளில் வேறோர் அலுவலகத்தில் என் மனுவே வரவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். முத்திரையைக் காட்டிய பிறகுதான் தேடினார்கள். தேடினால் கிடைத்தது.

வாரிசுச் சான்று, அம்மாவும் தம்பியும் கையெழுத்துப் போட்ட ஆட்சேபணை இல்லாக் கடிதம், குடும்பத்தில் வேறு யாரும் அரசு வேலையில் இல்லை என்ற சான்று எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. மனசைப் பிசைந்தது வறிய நிலைச் சான்றுதான். விசாரணைக்கு வீட்டுக்கே ஆள் வந்தார். அவர் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் அம்மா திண்ணையிலிருந்த பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். அது அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. வந்தவர் பார்த்துவிட்டார். "இருக்கட்டுங்கம்மா, நான் அதைப் பார்க்க வரலீங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

2018 டிசம்பரில் ஆணை வந்தது, இளநிலை உதவியாளர். தம்பியை நான்தான் படிக்க வைத்தேன். அடுத்த வருடம் பவானிசாகர் அடிப்படைப் பயிற்சி. அப்போது நம் மாநிலத்தில் எந்த ஊர் இளநிலை உதவியாளரும் அங்கே வந்துதான் ஆக வேண்டியிருந்தது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை அணை மீன் சாப்பிடப் போனார்கள். நான் கீழ்பவானி வாய்க்கால் புறப்படும் இடத்தைப் பார்க்கப் போனேன். அப்பா திறந்துவிட்ட தண்ணீரெல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

இப்போது ஊழியர்களின் நியமனம், விடுப்பு போன்றவற்றைப் பார்க்கும் பணியமைப்புப் பிரிவில் இருக்கிறேன். இந்தக் கோப்புகள் என் மேஜைக்கே வருகின்றன. கருணை அடிப்படை நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது, சம்பாதிப்பவர் திடீரென்று போய்த் தவிக்கும் குடும்பத்துக்குக் கைகொடுப்பதுதான் நோக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பின் இன்னொரு முனையைப் பலர் கவனிப்பதில்லை. நாள் கடந்து போனால், 'இத்தனை வருடம் சமாளித்துவிட்டீர்களே' என்பதே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், கண்ணீர் காய்வதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதில் ஒரு தப்பும் இல்லை.

சும்மா கிடைத்த வேலை என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று. நாங்களும் துறைத் தேர்வு எழுதுகிறோம், வேலையை முறைப்படுத்தும் பணி வரன்முறை ஆணைக்குக் காத்துக் கிடக்கிறோம். அப்பா இருந்திருந்தால் அந்த ஜவுளிக்கடைக் கணக்கே எனக்குப் போதும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

திருப்பூரிலிருந்து:

எங்கப்பா 2002-ல் இறந்தார். மனு உடனே கொடுத்தோம், எல்லாப் பேப்பரும் சரியாக இருந்தது. ஆனால் 2001 நவம்பரிலேயே அரசு புதிய நியமனங்களுக்குத் தடை போட்டிருந்தது. 2006 பிப்ரவரியில்தான் தடை நீங்கியது. நாலு வருடம் பனியன் கம்பெனியில் பேக்கிங். ஷிப்மெண்ட் இருந்தால் ராத்திரி முழுக்க நிற்க வேண்டும். காலையில் அப்படியே பஸ் ஏறி அலுவலகம் போய், மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பேன். அங்கே ஒரு கண்காணிப்பாளர் என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டி "உக்காருங்க தம்பி" என்பார். பதில் எப்போதும் ஒன்றுதான், தடை இருக்கிறது. ஆனாலும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொல்வார். ராத்திரியெல்லாம் நின்றவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். ஆணை வந்த அன்று அவரிடம் சொல்லலாம் என்று போனேன், ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

*

பவானியிலிருந்து:

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து போனவர். மேலிடத்தில் சொல்லி முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். ரெண்டு லட்சம் கேட்டார். தாலிக்கொடி வரைக்கும் அடகு வைக்கத் துணிந்துவிட்டேன். எங்க அண்ணன்தான் தடுத்து, "வரிசைப்படிதான் வரும் சாமி, அவன் வாங்கித் தர்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். வரிசைப்படிதான் வந்தது. அந்த ஆள் ஆணை வந்த பிறகும் பங்கு கேட்டு வந்தான். யாரும் கொடுத்துவிடாதீர்கள்.

*

பொள்ளாச்சியிலிருந்து:

நான் கல்யாணமான பெண். அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து இறந்தார். நான் ஒரே பிள்ளை, அப்பா என்னோடுதான் இருக்கிறார். கல்யாணமான மகள் கேட்க முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் தடையில்லை, மகளுக்கு மட்டும் தடை என்பது என்ன நியாயம்? வீட்டுக்கு வந்து அழுதேன். திரும்பப் போகலாமா என்று தெரியவில்லை. அம்மா போய் 14 மாதம் ஆகிறது.

*

முதலில் எழுதியவர்:

பொள்ளாச்சி அக்கா, கண்டிப்பாகத் திரும்பப் போங்கள். கல்யாணமான மகன், மகள் என்று பாகுபாடு பார்க்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. முடியாது என்றால் வாயால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், மனுவைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். அப்பா உங்கள் ஆதரவில்தான் இருக்கிறார் என்பதை மனுவிலேயே எழுதுங்கள், அவருடைய ஆட்சேபணை இல்லாக் கடிதத்தையும் வையுங்கள். 14 மாதம்தான் ஆகிறது, நாள் இருக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள், கூட்டம் அதிகமாக இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவுக்குச் சம்பளம் போட்ட அலுவலகத்துக்கே போங்கள். ரெண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் முத்திரை வாங்காமல் படி இறங்க வேண்டாம். போய் வந்ததும் இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.