கோவாவுக்கு மலை ஏறாமல் மோட்டார் ஹோம் போகுமா, போகாதா?

மணலி டிரெய்லர்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. "மோட்டார் ஹோமில் கோவா போகிறவன் பெல்காம் போய் அன்மோட் மலைப்பாதையில் இறங்கித்தான் ஆக வேண்டும்" என்கிறார். சென்னை கடல் மட்டம். பெங்களூரு சுமார் 900 மீட்டர். அவ்வளவு ஏறிவிட்டு, பெல்காம் தாண்டி அந்த உயரத்தில் பெரும்பகுதியை மலைப்பாதையில் இறக்க வேண்டும். படுக்கை, காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிய வண்டி அது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.
மாதவரத்தில் கிளம்புங்கள். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம், கோவை, பாலக்காட்டுக் கணவாய், திருச்சூர். அப்புறம் கடலோரமாக 66ஆம் நெடுஞ்சாலை. கணவாயின் உயரம் சுமார் 140 மீட்டர்தான். 27 வருஷம் டிரெய்லர் ஓட்டியவன் சொல்கிறேன்.

பெரம்பூர் பயணி:
அந்த "ஒருவர்" நான்தான் அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டலாம். உங்கள் வழியில் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவே குதிரான் மலை இருக்கிறதே, மறந்துவிட்டீர்களா? 2012ல் அந்த ஏற்றத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். க்ளட்ச் தீய்ந்துபோச்சு.

மணலி டிரெய்லர்:
தம்பி, குதிரானில் சுரங்கப்பாதை வந்தாச்சு. ஒரு பக்கம் 2021ல் திறந்தார்கள், மறுபக்கம் 2022ல். பழைய ஏற்றத்தில் இப்போது யார் போகிறார்கள்?

பெரம்பூர் பயணி:
சுரங்கம் எதைக் குடைந்து போட்டார்கள்? மலையைத்தானே? அப்போ மலை இருக்கிறது. நீங்களே ஒப்புக்கொண்டாச்சு.

மணலி டிரெய்லர்:
மலை இருந்தால் இருக்கட்டும். வண்டி ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏறவில்லை.

ராயபுரம்வாசி:
மணலி அண்ணன் சொல்வதுதான் சரி. எங்கள் ராயபுரத்தில் 1856ல் கிளம்பிய ரயில் ஆறே வருஷத்தில் மேற்குக் கடற்கரையில் பேப்பூரைத் தொட்டது. எப்படி? பாலக்காட்டுக் கணவாய் இருந்ததால்தான். பம்பாய்க்காரர்கள் அந்த நேரத்தில் புனே போகும் வழியில் 'போர் காட்' என்ற மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

பெரம்பூர் பயணி:
எதை எடுத்தாலும் ராயபுரம் ஸ்டேஷனை இழுக்காமல் உங்களால் இருக்க முடியாது. இந்தியாவுக்கே ரயில் பெட்டி செய்து கொடுப்பது பெரம்பூர்.

ராயபுரம்வாசி:
உங்கள் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எஃப். வந்தது 1955ல். அதற்கு 99 வருஷம் முன்னாலேயே எங்கள் ஸ்டேஷனில் ரயில் கிளம்பியாச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எண்ணூர் கடலோரம்:
ரயிலை விடுங்கள். அம்மா, இரண்டு குழந்தைகளோடு டிசம்பரில் போகிறேன், வண்டி வாடகைக்குப் பேசியாச்சு. அம்மாவுக்கு வளைவில் தலைசுற்றும். 66ஆம் சாலையில் மலையே கிடையாதா? கோவாவுக்குள் கர்மல் காட் என்று ஒரு மலைப்பாதை இருக்கிறதாமே?

மணலி டிரெய்லர்:
இருக்கிறது தங்கச்சி, கோவாவில் மட்கான் ஊர் வரை போனால் அதைத் தாண்ட வேண்டும். பலோலம் கடற்கரை அதற்கு இந்தப் பக்கமே வந்துவிடும். கார்வார் தாண்டிப் போய் அங்கேயே தங்குங்கள். திரும்பும்போதும் வந்த வழியே வாங்க. பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் வந்து சேரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நடுவில் தொப்பூர் இறக்கம். அங்கே எத்தனை லாரி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு என் சிநேகிதர்கள் ஓட்டியது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும்.

பெரம்பூர் பயணி:
ஆக கர்மல் இருக்கிறது, குதிரானும் இருக்கிறது. "மலை இல்லாத வழி" என்று எழுதியது யார்? முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றவும் வைக்கிறீர்கள். டீசல் காசு யார் கொடுப்பார்கள்?

மணலி டிரெய்லர்:
"மலை இல்லாத வழி" என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள். போன மாசம் டயர் காற்று விஷயத்தில் நான் திருத்தியதை மனசில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் உயிரைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் டீசலைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

பெரம்பூர் பயணி:
டயர் விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி.

தண்டையார்பேட்டை:
எல்லாரும் ஏன் கோவாவையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? செங்குன்றம் தாண்டினால் 16ஆம் நெடுஞ்சாலை. நெல்லூர், விஜயவாடா, புவனேஸ்வர், கல்கத்தா வரைக்கும் கிழக்குக் கடலோரச் சமவெளி. மலைப்பாதை என்ற பேச்சே இல்லை.

எண்ணூர் கடலோரம்:
அம்மாவுக்கு கோவாதான் பார்க்கணுமாம் அண்ணே. கோவையில் ஒரு ராத்திரி நிறுத்தினால் போதுமா?

மணலி டிரெய்லர்:
சேலத்திலும் ஒரு ராத்திரி நிறுத்துங்கள். குதிரானைப் பகலில் தாண்டுங்கள்.

பெரம்பூர் பயணி:
மலையே ஏறாத குதிரானை எதற்குப் பகலில் தாண்டணும்?

மணலி டிரெய்லர்:
சுரங்கப்பாதை, தம்பி. சுரங்கப்பாதை.