மறு: செல்ஃப் ஹோஸ்டிங் – தமிழ்ல என்ன வைக்கலாம்?

டீச்சர் வணக்கம்ங்க,

> பெத்தவங்களுக்குன்னு ஒரு சின்ன கையேடு எழுதறேன். வீட்ல சும்மா கெடக்கற லேப்டாப்ப சர்வரா மாத்தி விக்கிப்பீடியா, ஜிகாம்ப்ரி (சின்னப் பசங்க வெளையாடிக் கத்துக்கற புரோகிராம்), கதைப் புத்தகம் எல்லாம் பசங்களுக்கு எப்படி போட்டுக் குடுக்கறதுன்னு. முதல் வரியே நகர மாட்டேங்குது. இப்படி நாமளே சர்வர் வச்சு ஓட்டற செல்ஃப் ஹோஸ்டிங்குக்கு "தன்விருந்தோம்பல்"னு ஒருத்தர் சொன்னார். வைக்கலாமா?

வேணாங்க. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்ற ஊர்ல, ஒரு தடவ போட்டா வருசக்கணக்கா ஓடப்போற நெக்ஸ்ட்கிளவுட்ட (நம்ம ஃபைல், போட்டோவெல்லாம் நம்ம சர்வர்லயே வச்சுக்கற மென்பொருள்) விருந்தாளின்னு சொன்னா யார் ஒத்துக்குவாங்க. அதுவும் இல்லாம நெட்வொர்க் பக்கம் ஹோஸ்ட்ங்கற வார்த்தைக்கு விருந்து உபசாரத்தோட பெருசா சம்பந்தம் இல்ல. 1969 ஏப்ரல் 7ஆம் தேதி ஸ்டீவ் கிராக்கர் எழுதின முதல் ஆர்எஃப்சி (நெட்வொர்க் எப்படி வேல செய்யணும்னு எழுதி வைக்கற குறிப்பு) இருக்கே, அதோட தலைப்பே ஹோஸ்ட் சாஃப்ட்வேர்தான். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்ல ரெண்டு வகை மெஷின், பாக்கெட்ட கடத்தி விடறதுக்கு ஐஎம்பின்னு ஒண்ணு, அதுக்குப் பின்னாடி யுனிவர்சிட்டிக்காரங்க நெஜமா வேல பாக்கற கம்ப்யூட்டர் ஒண்ணு, இந்த ரெண்டாவதத்தான் ஹோஸ்ட்னாங்க. புரோகிராம் குடியிருக்கற எடம், அவ்ளோதான். நாம இந்த அர்த்தத்துக்குத்தான் சொல் தேடணும், ஆங்கில டிக்ஷனரில முதல்ல போட்டிருக்கற அர்த்தத்துக்கு இல்ல.

சர்வருக்கு சேவையகம், வழங்கி ரெண்டுமே புழக்கத்துல இருக்கு. நான் வழங்கி கட்சி. சேவையகம்னு சொன்னா எங்க தெருவுல ஆதார்ல அட்ரஸ் மாத்தற எடமான்னு கேக்கறாங்க.

இப்ப இதுவரைக்கும் வந்த சொல்லெல்லாம் ஒவ்வொண்ணா பாத்துட்டேன். தன்னோம்பல், கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா ஓம்பறதுன்னா காப்பாத்தறது, அதனால படிக்கறவங்களுக்கு இது ஏதோ சத்தான ஆகாரம் சாப்டு எட்டு மணி நேரம் தூங்கற சமாச்சாரம்னு தோணும். தன்னேற்றம்னா பதவி உயர்வு மாதிரி இருக்கு. மனைவழங்கின்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அத வீட்ல சத்தமா படிச்சேன், "மனைவி வழங்கியா, அது எப்பவுமே ஓடிட்டுத்தான இருக்கு"ன்னு அடுப்படில இருந்து பதில் வந்துச்சு. அந்தச் சொல்ல அதோட விட்டாச்சு.

வீட்டு வழங்கி எளிமையான சொல், பலரும் அதத்தான் விரும்பறாங்கன்னு தெரியுது. ஆனா எனக்கு அதுலதான் பெரிய சண்டை இருக்கு, கொஞ்சம் நீட்டி எழுதறேன் பொறுத்துக்குங்க. எங்க சேலம் அம்மாபேட்டைல தறி வீட்டுக்குள்ளயேதான் இருக்கும். ஆனா நெறைய வீட்ல நூலும் டிசைனும் மொதலாளி குடுப்பார், நெசவு பண்ணிக் குடுத்தா கூலி. தறிக்குழி நம்ம வீட்ல, கால் மிதிக்கறது நாம, என்ன சேலை ஓடணும்னு சொல்றது மட்டும் வேற ஆளு. அத யாரும் சொந்தத் தறின்னு சொல்ல மாட்டாங்க, கூலித் தறிதான். இங்கயும் அதே கதைதான். செவுத்துல மாட்டியிருக்கற வைஃபை கேமரா நம்ம வீட்லதான் இருக்கு, வீடியோ போய் உக்கார்றது எந்த தேசத்துலயோ, அந்த கம்பெனி நாளைக்கு சர்வர மூடினா நம்ம கேமரா வெறும் டப்பா. அதே நேரம் மாச வாடகைக்கு எடுத்த வீபிஎஸ்ல (கம்பெனி சர்வர்ல நமக்குன்னு ஒதுக்கற ஒரு பங்கு) ஒருத்தர் தானே நெக்ஸ்ட்கிளவுட் போட்டு தானே பேக்கப் எடுத்து தானே அப்டேட் பண்ணிட்டிருந்தா, பொட்டி மும்பைல இருந்தாலும் அது செல்ஃப் ஹோஸ்டிங்தான். ஆக செல்ஃப்ங்கறது எடத்த குறிக்கல, பொறுப்ப குறிக்குது. என்ன ஓடணும், எப்ப நிக்கணும், யார் பாக்கலாம், கெட்டுப்போனா யார் முழிச்சு உக்காந்து சரி பண்றது, இதெல்லாம் யார் கைலன்னுதான் கேள்வி. வீடுங்கற சொல்ல உள்ள போட்டா இந்த முக்கியமான விசயம் வெளிய போயிடுது.

இன்னொன்னு. ஒரு கலைச்சொல் நிக்குமா நிக்காதான்னு பாக்க, பெயர்ச்சொல்லா மட்டும் வச்சுப் பாக்கக் கூடாது, வினையா வளையுதான்னு பாக்கணும். பதிவேற்றம் பாருங்க, பட்டன்ல இருக்கு, வாய்ல இல்ல. "அப்லோடு பண்ணிட்டேன்"னுதான் எல்லாரும் சொல்றோம், பதிவேற்றம் செய்தேன்னு போன்ல யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ஏத்திட்டேன், எறக்கிட்டேன்னு சிலர் சொல்றாங்க, அது நிக்குது. அதனால எனக்குத் தோணினது "குடிவைக்கறது". வீட்லயே சேத்து வச்ச படம் பாக்கற ஜெல்லிஃபினயும், நெட் இல்லாம விக்கிப்பீடியா படிக்கற கிவிக்ஸயும் வச்சுச் சொல்றேன். "ஜெல்லிஃபின் எங்க குடிவெச்சிருக்கீங்க?" "பழைய டெல் லேப்டாப்புல." "கிவிக்ஸ அங்கிருந்து எடுத்து ராஸ்பெரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர்ல குடிவெச்சுட்டேன்." பேசிப் பாருங்க, நாக்கு தடுக்கல. வீட்ல ஆள் குடிவைக்கறோம், கோயில்ல சாமி குடிவைக்கறோம், ரெண்டுலயுமே வர்றது தங்கறதுக்குத்தான் வருது. ஹோஸ்டிங் = குடிவைத்தல், செல்ஃப் ஹோஸ்டிங் = சொந்தக் குடிவைப்பு.

தயவுசெஞ்சு இத சுருக்கி தற்குடி, வீட்டுக்குடின்னு மட்டும் யாரும் ஆக்கிடாதீங்க. வீட்டுக்குடின்னு பெத்தவங்க கையேட்டுல அச்சாச்சுன்னா அடுத்த பிடிஏ கூட்டத்துல டீச்சர்தான் பதில் சொல்லணும்.

கையேட்டு விசயமா ஒரு திருத்தம். ஜிகாம்ப்ரிய சர்வர் பட்டியல்ல சேத்திருக்கீங்க, அது சர்வர்ல போடறது இல்ல, ஒவ்வொரு மெஷின்லயும் நேரா இன்ஸ்டால் பண்ற புரோகிராம். 2000ல ஆரம்பிச்சது, இப்ப கேடிஈங்கற கட்டற்ற மென்பொருள் குடும்பத்துல இருக்கு, பேரு பிரெஞ்சுல "எனக்குப் புரிஞ்சிருச்சு"ன்னு சொல்றதோட ஒலி. பசங்க படம் வரையற டக்ஸ் பெயின்டும் அப்படித்தான், குழந்த உக்கார்ற மெஷின்லயே போடணும். குடிவைக்க வேண்டியது கிவிக்ஸும், நெட் இல்லாம பாடம் படிக்கற கோலிப்ரியும். கிவிக்ஸ்ல ஆங்கில விக்கிப்பீடியா படத்தோட எறக்கினா நூறு ஜிபி தாண்டும், தமிழ் விக்கிப்பீடியா ஒரு பென்டிரைவ்ல அடங்கிடும், மொதல்ல அதப் போடுங்க. கதைக்கு ஸ்டோரிவீவர்ங்கற வெப்சைட்ல தமிழ்க் கதைங்க கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல கெடக்கு, எறக்கி வச்சுக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், மாத்தி எழுதக் கூட செய்யலாம்.

– அம்மாபேட்டை

---

தம்பி,

நல்லா வெளக்கமா எழுதியிருக்கீங்க, நன்றி. ஜிகாம்ப்ரிய தனிப் பக்கத்துக்கு மாத்திட்டேன்.

> நான் வழங்கி கட்சி.

இங்க மலை மேல ஒரு சிக்கல் இருக்கு. எஸ்டேட்ல வேல பாக்கற அம்மாக்கள் ரெண்டு மூணு பேர்கிட்ட "வழங்கி", "வழங்கல்"னு சொல்லிப் பாத்தேன். வழங்கல்னதும் உணவுப் பொருள் வழங்கல், ரேஷன் கடை, கைரேக மெஷின் வேல செய்யல, இப்படித்தான் பேச்சு போச்சு. அப்புறம் ஒரு அம்மா மட்டும், "அரிசி எடை போட்டுத் தர்ற மாதிரி கேக்கறவங்களுக்கு பாடம் எடுத்துத் தர்ற பொட்டியா"ன்னு கேட்டாங்க. சரியாத்தான் புடிச்சாங்க! அதனால வழங்கி இருக்கட்டும்னு விட்டுட்டேன், பொட்டிக்கு அந்தப் பேரு.

குடிவைக்கறது எல்லாருக்கும் உடனே புரிஞ்சுது, வெளக்கமே வேண்டியதில்ல. "யார குடிவைக்கறீங்க, வாடகை எவ்ளோ"ன்னு சிரிச்சாங்க, அவ்ளோதான்.

இன்னொரு சந்தேகம். 2011ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினி இங்க பல வீட்ல அலமாரி மேல இருக்கு, அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படிச்சப்ப வாங்கினது. அது இதுக்கு போதுமா? மழைக் காலத்துல மின்னல் வேற, கரன்ட் எப்ப போகும்னே சொல்ல முடியாது. ஏரிக்குக் கீழ் பக்கம் சிக்னலும் அப்படித்தான். வெளிய இருந்து பாக்கறதுக்கு என்னமோ ரவுட்டர்ல போர்ட் தெறக்கணும்னு ஒரு வீடியோல சொல்றாங்க, அது பண்ணியே ஆகணுமா?

– ஏற்காடு

---

டீச்சர்,

போதும், தாராளமா. கிவிக்ஸ் மாதிரி வேலைக்கு பெரிய மெஷினே வேணாம். விண்டோஸுக்குப் பதிலா டெபியன்ங்கற லினக்ஸ கிராஃபிக்ஸ் டெஸ்க்டாப் இல்லாம போடுங்க, லேசா ஓடும். அதுபோக 2025 அக்டோபரோட விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட்ட நிறுத்திட்டாங்களே, விண்டோஸ் 11க்கு தகுதி இல்லாத நல்ல லேப்டாப்பெல்லாம் இப்ப சல்லிசா வருது, அதுலயும் பாக்கலாம்.

லேப்டாப்புல ஒரு சவுகரியம், பேட்டரி பாதி செத்திருந்தாலும் அதுவே யூபிஎஸ், கரன்ட் கொஞ்ச நேரம் போனாலும் தாங்கும். மானிட்டர மூடி வச்சுட்டா சராசரி 15 வாட் இழுக்குதுன்னே வைங்க, நாள் பூரா ஓடினாலும் மாசம் 11 யூனிட் கிட்டதான். அதுவும் ராத்திரி யார் படிக்கப் போறா, அமத்தி வச்சுடலாம். இடி இடிக்கறப்ப சார்ஜர மட்டும் இல்ல, ரவுட்டருக்கு வர்ற நெட்வொர்க் வயரையும் புடுங்கிருங்க, மின்னல் அந்த வழியாவும் வரும், பாதி பேர் அத மறந்துடறாங்க.

போர்ட் தெறக்கற வேலையே வேணாம். அது வெளிய இருந்து நம்ம வழங்கிக்கு ஆள் வர்றதுக்கு ரவுட்டர்ல வாசல் தெறக்கறது, பசங்க படிக்கறதுக்கு வெளி வாசல் எதுக்கு? வீட்டு வைஃபைல மொபைல சேத்துட்டு வழங்கியோட முகவரிய அடிச்சா முடிஞ்சுது, இன்டர்நெட் இணைப்பே இல்லன்னாலும் ஓடும், சிக்னல் இல்லாத எடத்துக்கு இதத்தான் முதல்ல சொல்லணும். அந்த வீடியோவ நம்பி எறங்கினா பல பேருக்கு நடக்கவும் நடக்காது. ரவுட்டர்ல வேன் ஐபின்னு (WAN IP, வெளி நெட்வொர்க் பக்கத்து முகவரி) காட்டற எடத்துல 100.64ல இருந்து 100.127க்குள்ள ஏதாவது நம்பர் இருந்தா நீங்க சிஜிநாட்டுக்கு (CGNAT) பின்னாடி இருக்கீங்கன்னு அர்த்தம், 2012ல இதுக்குன்னே ஒதுக்கின வரிசை அது, ஒரே பொது ஐபிய பல வீடு பங்கு போட்டுக்குது. அங்க போர்ட் தெறந்தாலும் வெளிய இருந்து ஆள் வர முடியாது. பின்னால தேவைப்பட்டா, வெளிய இருந்து பத்திரமா வீட்டு நெட்வொர்க்குல சேர்ற வயர்கார்டு பத்தி தனியா எழுதறேன்.

பாருங்க, இதுக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் இருக்கு. இன்டர்நெட்டே இல்லாத வீட்லயும் குடிவைக்கலாம். "வலையேற்றம்" மாதிரி வலைங்கறத உள்ள வச்ச எந்தச் சொல்லும் இங்க ஒத்து வராது.

– அம்மாபேட்டை

---

அன்புடையீர்,

குடிவைத்தல் இனிய சொல். மறுப்பதற்கில்லை. ஆயினும் சொந்தக் குடிவைப்பு என்பது ஒரு சொல்லாக நிற்கவில்லை, இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அகராதியில் ஏற வேண்டுமென்றால் தன்வழங்கல் என்பதே செறிவானது. வழங்கி ஏற்கெனவே உள்ளது, வழங்கல் அதன் தொழிற்பெயர், முன்னொட்டுச் சேர்த்தால் முடிந்தது. ரேஷன் கடை நினைவு வருகிறது என்பதெல்லாம் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும்.

இது சேலம். 1916இல் இங்கே வழக்கறிஞராக இருந்த ராஜாஜி அறிவியல் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார், தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் என்று துறை துறையாகச் சொல் ஆக்கினார்கள். பள்ளியில் தமிழிலேயே பாடம் நடத்த முடியும் என்று காட்டுவதற்காக. அவர்கள் பேச்சுவழக்கு என்று விட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

– செவ்வாய்ப்பேட்டை

---

ஐயா வணக்கம்,

> அவர்கள் பேச்சுவழக்கு என்று விட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

அந்தச் சங்கத்து மேல எனக்கும் மரியாத உண்டுங்க, அதுவும் நம்ம ஊர்லயே நடந்தது. ஆனா அந்தக் காலத்துல ஆக்கின சொல்லுல வடமொழி நெறைய, பரிபாஷைன்னாங்க, அப்புறம் வந்தவங்க அதையெல்லாம் மாத்தி கலைச்சொல்னு ஆக்கினாங்க. யார் ஆக்கினாலும் கடைசில பள்ளிக்கூடத்துப் பசங்க வாய்ல உருண்டு வந்ததுதான் மிஞ்சிச்சு. தன்வழங்கல்ல எனக்கு ஒரே குறை, "நான் நெக்ஸ்ட்கிளவுட்ட தன்வழங்கறேன்"னு சொல்ல முடியல. தன்னுன்னா அவன் அவள் அது, நானுக்கு வராது, "என்வழங்கறேன்"னா சொல்றது? தன்னார்வலர் மாதிரி பெயர்ச்சொல்லா நின்னா பரவால்ல, வினையாக்கினா காலை வாரிடுது.

அதனால ரெண்டையும் வச்சுக்கலாம்னு நினைக்கறேன். சொற்பட்டியல்ல இப்படிப் போடலாமா:

செல்ஃப் ஹோஸ்டிங் – தன்வழங்கல் (பெ.), சொந்தமாகக் குடிவை (வி.). ஒரு மென்பொருளைப் பிறர் நடத்தும் சேவையில் பயன்படுத்தாமல், தன் பொறுப்பில் உள்ள வழங்கியில் தானே நிறுவி நடத்துதல். வழங்கி வீட்டில் இருக்க வேண்டியதில்லை. இணைய இணைப்பும் கட்டாயமில்லை.

அகராதிக்காரங்க முதல்ல இருக்கறத எடுத்துக்கட்டும், டீச்சர் கையேடு ரெண்டாவதுல எழுதட்டும்.

– அம்மாபேட்டை

---

ஒப்புகிறேன். "தானே நிறுவி நடத்துதல்" என்பதில் "பராமரித்தல்" விடுபட்டிருக்கிறது. நிறுவுவது ஒரு மணி நேரம், பராமரிப்பதுதான் பிழைப்பு. சேருங்கள்.

– செவ்வாய்ப்பேட்டை

---

ரெண்டு பேருக்கும் நன்றி. முதல் பக்கம் இப்படி எழுதிட்டேன்:

"உங்க வீட்ல இருக்கற பழைய லேப்டாப்புலயே தமிழ் விக்கிப்பீடியாவ குடிவைக்கலாம். அதுக்கப்புறம் அந்த லேப்டாப்புக்கு வழங்கின்னு பேரு. வீட்ல இருக்கற எந்த போன்ல இருந்தும் உங்க புள்ள அதுல தேடிப் படிக்கலாம், டேட்டா செலவாகாது. ஆனா அப்டேட் பண்றதும், பேக்கப் எடுக்கறதும், இடி இடிச்சா வயர் புடுங்கறதும் உங்க வேல."

ரெண்டாம் பக்கத்துல டாக்கர் வருது, மென்பொருள அதுக்கு வேண்டியதோட ஒண்ணா கட்டி கன்டெய்னர்ல ஓட்டற கருவி, அந்த கன்டெய்னருக்கு கொள்கலன்னு போட்டா லாரில வர்ற கன்டெய்னர்னு நினைப்பாங்களேன்னு யோசனையா இருக்கு.

– ஏற்காடு

---

கன்டெய்னருக்கு தனித் திரி தொடங்குங்க டீச்சர், இதுலயே போட்டா பின்னால தேடறப்ப சிக்காது. பராமரித்தல் சேத்தாச்சு ஐயா.

– அம்மாபேட்டை