ஹமாமத்சுவிலிருந்து ஒரு படம்

கயல்: [படம்] பெரியப்பா, இந்த வண்டியை அடையாளம் தெரிகிறதா? ஜப்பானின் ஹமாமத்சு நகரில், சுசுகியின் காட்சிக்கூடத்தில் நிற்கிறேன்.

பெரியப்பா: முகத்தைப் பார்த்தால் பழைய மாருதி 800 போல இருக்கிறது. ஆனால் பக்கத்துக்கு ஒரே கதவுதானே!

கயல்: அதன் தாய் வண்டி இது. 1979 மே மாதம் வந்த முதல் ஆல்டோ. விலை 4,70,000 யென். மற்ற சிறிய கார்கள் அப்போது ஆறு லட்சம் யென்னைத் தாண்டியிருந்தன.

செந்தில் மாமா: அவ்வளவு மலிவாக எப்படிக் கொடுத்தார்கள்?

கயல்: சரக்கு வண்டி என்று பதிவு செய்துவிட்டார்கள், மாமா. பயணிகள் காருக்கு 15.5 சதவீத வரி. சரக்கு வண்டிக்கு அந்த வரி கிடையாது. ஆனால் சாமான் வைக்கும் இடம் பின்னிருக்கையின் இடத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பின்னால் முழங்கால் இடிக்கும்.

அத்தை: குடும்பத்தோடு எப்படிப் போவார்கள், கண்ணு?

கயல்: இந்த மாதிரி வண்டியில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் போகிறார்கள் என்பது அப்போது சுசுகி நிறுவனத்தின் தலைவராக இருந்த ஒசாமு சுசுகியின் கணக்கு, அத்தை. வேண்டாததை எல்லாம் எடுத்துவிட்டார்கள். தரையில் ரப்பர் விரிப்பு. முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்ச மோட்டார் இல்லை, கையால் அமுக்கும் பம்புதான். ஓட்டுநருக்கு அடுத்த இருக்கையின் பக்கத்துக் கதவில் சாவித் துவாரம்கூட இல்லை!

பெரியப்பா: அபாரம். மலிவு என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். எதை விடலாம் என்று உட்கார்ந்து யோசித்த மனிதனின் வேலை இது. என்ஜின்?

கயல்: மூன்று சிலிண்டர், 539 சிசி, டூ ஸ்ட்ரோக்.

பெரியப்பா: நம் ஊருக்கு வந்தபோது 796 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தார். 1986-இல் உருவம் மாறியது. அது இரண்டாம் தலைமுறை ஆல்டோவின் உடல். நான் ஓட்டியது அதுதான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அதில்தான்.

செந்தில் மாமா: ஜப்பானில் அந்த வரி இன்னும் இருக்கிறதா?

கயல்: 1989-இல் எடுத்துவிட்டார்கள், மாமா. சரக்கு வண்டி என்று பதிவதில் இருந்த பெரிய லாபமும் அதோடு போயிற்று. ஆனால் ஆல்டோ நிற்கவில்லை. 2021 டிசம்பரில் ஒன்பதாம் தலைமுறை வந்துவிட்டது.

பெரியப்பா: மாருதி 800-ஐ 2014 ஜனவரியில் நிறுத்தியபோது மனது கனத்துப் போயிற்று. கயல், அந்தக் கைப்பம்பைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

கயல்: உள்ளே கைவிட அனுமதியில்லை, பெரியப்பா. கண்ணாடி வழியாக எடுக்கிறேன்.