பங்களாக் குளத்துக் கட்டில கண்டது

வெள்ளவத்தை வாசி:
பெப்ரவரியில அவிசாவளைப் பக்கம் ஒரு லீவு பங்களாவுக்குப் போனனாங்கள். பிள்ளையள் படகு ஓடவெண்டு முதலாளி கட்டின குளம், மண்கட்டு ரெண்டு ஆள் உயரம் வரும். நான் கட்டுக்குக் கீழால நடந்தன். மழை பெய்து கன நாள். ஆனா அடிவாரத்தில சோத்துக் கோப்பை அகலத்துக்கு மண் குமிழி விட்டுப் பொங்கிக்கொண்டிருந்தது. பால் விட்ட தேத்தண்ணி நிறம். விரலை வைச்சுப் பார்த்தன், பொடிமணல் ஒட்டினது. காவல்காரர், "சின்னக் கட்டுத்தானே, அது எப்பவும் அப்பிடித்தான்" எண்டார். வயலுக்கு அங்கால ஆறு வீடு. ஒரு கொடியில பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மூண்டு காய்ஞ்சது. அந்தச் சட்டையள் கண்ணை விட்டுப் போகுதில்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா, கசியாத மண்கட்டு எங்க இருக்கு? எங்க மாமாட ஊர் வவுனியா. மாரியில குளம் நிரம்பி வான் பாயுறதப் பார்க்க, அதான் மிச்சத் தண்ணி வழிய விட்ட வழி, ஊரே கட்டுல நிற்கும். ஒரு நாளும் ஒண்டும் நடக்கல்ல. வீணா பயப்படுறீங்க.

தெஹிவளை, ஓய்வுபெற்றவன்:
தம்பி சொன்னதை என்னால் ஏற்க முடியாது. தெளிஞ்ச கசிவு வேறு, கலங்கின கசிவு வேறு. கலங்கி வந்தால் கட்டின் மண்ணே உள்ளுக்குள் அரிபட்டு வெளியே போகுது. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் கட்டு உடைந்து 120 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது நான் திருகோணமலையில் படித்தேன். அப்பாவோடு பார்க்கப் போனேன். ஒரு மரக்கிளையில் நுளம்புவலை சுற்றிக் கிடந்தது, தூங்கினவர்கள் விரித்திருந்த வலை.

இன்னொன்று. கட்டு சின்னதா பெரிசா என்று பார்த்து ஆபத்து வகுப்புப் போடுவதில்லை. அமெரிக்காவில் மூன்று வகுப்பு: குறைவு, கணிசம், உயர்வு. உடைந்தால் கீழே என்ன போகும் என்பதுதான் கணக்கு. ஓர் உயிராவது போகும் என்று எதிர்பார்த்தாலே உயர்வு. கட்டு எவ்வளவு உறுதி என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. வெறும் வயலாக இருந்த இடத்தில் ஆறு வீடு வந்தால், கட்டில் ஒரு கல்லும் அசையாமலே வகுப்பு ஏறிவிடும்.

பணக்காரர்களின் பொழுதுபோக்குக் குளம் என்ன செய்யும் என்பதற்கு பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை இருக்கிறது. மீன்பிடிக் கழகம் ஒன்றின் சொத்து. வண்டி போகக் கட்டின் தலையைத் தணித்தார்கள். மீன் தப்பாதிருக்க வானுக்குக் குறுக்கே கம்பிவலை போட்டார்கள். அடி மதகுக் குழாய்களை முந்தைய உரிமையாளரே கழற்றி விற்றிருந்தார். 1889 மே 31 பெருமழையில் வலையில் குப்பை அடைத்தது, தண்ணீர் கட்டுக்கு மேலால் பாய்ந்தது. கீழே ஜோன்ஸ்டவுனில் 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அக்கா, துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) திறபடுதா, கட்டில் பெருமரம் நிற்குதா, வான் துப்புரவா என்று பாருங்கள். கசிவைக் களிமண் போட்டு அடைக்க விடாதீர்கள், அது வேறு பக்கத்தால் வெடிக்கும். முதலில் குளத்து நீரை மெல்ல இறக்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
கலங்கல் விசயம் எனக்குத் தெரியாது ஐயா. மாமாட்ட கேட்டன், அவரும் அதையேதான் சொல்றார்.

வெள்ளவத்தை வாசி:
ஐயா, நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டுப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தன். மகன் படகில சிரிச்சுக்கொண்டு நிக்கிற படத்தில, பின்னால வான் தெரியுது. குறுக்க பச்சை நைலோன் வலை கட்டிக் கிடக்கு, பாதி வரைக்கும் சருகு. நாளைக்கு விடிய வெளிக்கிடுறன். முதல்ல அந்த ஆறு வீட்டுக்கும் போய்ச் சொல்லிப்போட்டு, பிறகு கிராம சேவகரிட்டப் போறன்.